மிதவைக்கு நேரே நிற்பவர்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

உன் விலாசத்தை நீ வேலை பார்க்கும் தார்ப்பாய்ப் பட்டறையில் கேட்டு வாங்கினேன். போனை எடுத்த முதலாளி, "படிக்கட்டுல விழுந்து கால் ஒடஞ்சு மூணு வாரமா வீட்லதான் இருக்காங்க. தம்பிங்கிறீங்க, உங்களுக்கே தெரியாதா?" என்றார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது வலி எப்படி இருக்கிறது? கூட யார் இருக்கிறார்கள்?

நீ போனபிறகு நம் கிளப்பில் பாய்மரப் படகுப் பயிற்சி ஒரு வருடம் நின்றே போயிருந்தது. போன ஜனவரியில் திரும்ப ஆரம்பித்தோம். எல்லாம் புதுப் பிள்ளைகள், எட்டுப் பேர். பத்திலிருந்து பதின்மூன்று வயது. உன்னை யாரும் பார்த்ததில்லை. ஆளுக்கொரு படகு. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை நான்கு கிளப் பிள்ளைகளுக்கான பந்தயம் இங்கேதான் நடக்கிறது. தலைவர் என்னை நம்பி இருக்கிறார். அல்லது வேறு ஆள் கிடைக்கவில்லை.

பிள்ளைகள் நன்றாகவே ஓட்டுகிறார்கள். திருப்பச் சொன்னால் திருப்புகிறார்கள், காற்றைப் படிக்கிறார்கள். ஸ்டார்ட்டில்தான் மொத்தமும் போகிறது. ஸ்டார்ட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏற்றும் கொடி ஏறும்வரை சிங்கம்போல் சுற்றுவார்கள். கடைசி நிமிடம் வந்ததும் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள்போல் கோட்டுக்குப் பின்னால் மூன்று படகு தூரத்தில் வரிசையாக நின்றுகொள்கிறார்கள். ஹாரன் அடித்தபிறகுதான் கோடு எங்கே இருக்கிறது என்று தேடவே ஆரம்பிக்கிறார்கள். நீ பழக்கிய பிள்ளைகள் அப்படி நின்றதில்லை. நீ அதை எப்படிச் சொல்லிக்கொடுத்தாய் என்று பக்கத்திலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை. அதைத்தான் கேட்கிறேன்.

மற்றதைப் பற்றி, அந்தக் கூட்டத்தைப் பற்றி, இப்போது எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தெரியும்.

உன் தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

கால் இடது கால். இரண்டு இடத்தில் முறிவு. தொடைவரை மாவுக்கட்டு. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார், மூன்று வேளையும் வந்து பார்க்கிறார். வேறு விசாரிப்பு வேண்டாம். போனும் செய்யாதே. குரல் கேட்டால் சண்டை வரும், எனக்கு இப்போது எழுந்து போகக்கூடக் கால் இல்லை.

பிள்ளைகள் கோட்டுக்குப் பின்னால் நிற்பது பயத்தினால் இல்லை. கோடு அவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு பக்கம் நடுவர் படகு, இன்னொரு பக்கம் மிதவை, நடுவில் வெறும் தண்ணீர். தண்ணீரில் யாரும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு வைக்கவில்லை. தெரியாதபோது பக்கத்துப் படகைப் பார்த்து நிற்பார்கள். அவனும் பக்கத்தைப் பார்ப்பான். எல்லாரும் சேர்ந்து பின்னால் போவார்கள்.

இதைச் செய். பிள்ளைகளை ஒவ்வொருவராக நடுவர் படகுக்கு வெளிப்பக்கம் போகச் சொல். அங்கிருந்து அதன் கொடிக்கம்பத்தையும் தூரத்து மிதவையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவந்து, மிதவைக்குப் பின்னால் கரையில் அதே நேரில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல். ஒரு மரம், ஒரு ஜன்னல், சுவர் மூலை, எதுவானாலும் சரி. அதுதான் குறி. பிறகு கோட்டில் எந்த இடத்தில் இருந்தாலும், மிதவையும் குறியும் ஒரே நேராக வந்தால் கோட்டின்மேல் இருக்கிறோம் என்று அர்த்தம். மிதவையை நகர்த்தினால் குறியும் மாறும். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். அசையாத பொருளாகப் பார்க்க வேண்டும்.

அதோடு ஒன்று. குறியை அவர்கள் நம்ப வேண்டும். பக்கத்துப் படகைவிட, உன்னைவிட அதிகமாக. நீ பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தால் நம்ப மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இரு. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும்.

படகைப் பற்றிக் கேட்டால் பதில் வரும். மற்றதற்கு வராது.

அக்கா

*

ஜூன் 26

அன்புள்ள அக்கா,

வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பலித்தது. பலித்த விதம்தான் எனக்குப் புரியவில்லை.

முதல் நாளே எட்டில் ஐந்து பேர் சரியாகக் கோட்டில் இருந்தார்கள். மூன்றாம் நாள் எட்டுப் பேரும். நான் மிதவைப் பக்கம் என் மோட்டார் படகில் இருந்து பார்க்கிறேன், எட்டுப் படகின் மூக்கும் ஒரே வரிசை, ஹாரனும் அதுவும் ஒன்றாக. யாரும் முன்னால் தாண்டவில்லை. இப்படி ஒரு ஸ்டார்ட்டை நான் பெரியவர்களிடம்கூடப் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் கரைக்கு வந்ததும், "என்னடா குறி வச்சீங்க?" என்று கேட்டேன்.

இருப்பதிலேயே சின்னப் பெண்ணைச் சுண்டெலி என்று கூப்பிடுவோம். அவள்தான் சொன்னாள். "அங்க நிக்கிறாங்கள்ல சார், அவங்கதான்."

எந்த இடத்தில் என்றால், மிதவைக்கு அந்தப் பக்கம், பாறைக்கரையில். அங்கே யாரும் போவதில்லை என்று உனக்குத் தெரியும். இடிந்த சுவர் ஒன்றும் கற்களும்தான். நான் பார்த்தேன். யாரும் இல்லை. யாரோ மீன்பிடிக்க வந்தவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காற்று மாறியது. மிதவையை மூன்று முறை நகர்த்தினேன். கோடு மாறினால் குறியும் மாற வேண்டும் அல்லவா? ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

"நடந்து வேற இடத்துக்குப் போனாங்களா?"

"இல்ல சார். நின்னுக்கிட்டேதான் இருக்காங்க."

"மிதவைய நான் நூறு அடி நகத்தினேனேடா."

"ஆமா சார். ஆனா அதுக்கு நேராதான் நிக்கிறாங்க."

விளையாடுகிறார்கள் என்று நினைத்து எட்டுப் பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து வரையச் சொன்னேன். நம் பாய் வைக்கும் அறையில் நான்கு பேர், வராந்தாவில் இரண்டு பேர், படிக்கட்டில் இரண்டு பேர். எட்டுத் தாளிலும் பெண். எட்டிலும் உடம்பின் கனம் முழுவதும் வலது காலில். இடது காலை மட்டும் எல்லாரும் தடியாக, மடங்காமல், தூண் மாதிரி வரைந்திருந்தார்கள்.

பஞ்சு என்று ஒரு பையன், நன்றாக வரைபவன். "இந்தக் கால ஏன் இப்படிப் போட்ட?" என்றேன். "அப்படித்தான் சார் இருக்கு," என்றான்.

உன் கால் உடைந்தது பற்றி நான் இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி

*

ஜூலை 3

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நீ கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். பிறகு யோசித்தேன். இதையெல்லாம் ஜோடிக்கும் அளவுக்கு உனக்குக் கற்பனை கிடையாது.

அதனால் இதைச் சொல்கிறேன். நர்ஸம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

எனக்குப் பகலில் தூங்கும் பழக்கம் இல்லை. ஜூன் பாதியிலிருந்து சாயங்காலம் நாலு மணி ஆனால் யாரோ தலையில் கைவைத்து அழுத்துவதுபோல் தூக்கம் வருகிறது. புத்தகம் கையில் இருக்கும்போதே வரும். ஒருநாள் தண்ணீர் டம்ளரோடு தூங்கிப் படுக்கையெல்லாம் நனைந்தது. ஒரு மணி நேரத்தில் தானாகவே விழிப்பு.

அந்த நேரத்தில் நான் கல்மேல் நிற்கிறேன். வலது கன்னத்தில் காற்று. ஹாரன் சத்தம் கேட்கிறது, முதலில் ஒன்று, அடுத்த நிமிடம் ஒன்று, பிறகு நீண்ட இடைவெளி. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியாதா? முதலில் கனவு என்றுதான் விட்டேன். இருபத்திரண்டு வருடம் செய்த வேலை கனவில் வராமல் என்ன செய்யும்?

இப்போது நீ பதில் சொல். ஒரு படகின் பாயில், எண்ணுக்குக் கீழே நீலத் துணியில் ஒட்டு இருக்கிறதா? மூன்று மூலை தைத்து, நான்காவது மூலை தைக்காமல் விட்டது. காற்றில் அந்த மூலை காதுபோல ஆடுகிறது. தைத்தவன் கை எனக்குத் தெரியும், அது நீதான். அந்தப் படகில் இருக்கும் பிள்ளை மிகவும் பின்னால் தள்ளி உட்காருகிறாள். முன்னால் வரச் சொல்.

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றினார்கள். டாக்டர் பழைய கட்டைத் திருப்பிப் பார்த்தார். பாதத்துக்கு அடியில் தேய்ந்து, உள்ளே இருக்கும் பஞ்சு தெரிந்தது. "நடக்கக் கூடாதுன்னு சொன்னேனே," என்றார். நான் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குக்கூட சக்கர நாற்காலியில்தான் போகிறேன். நர்ஸம்மா எனக்காகச் சண்டை போட்டார். "இந்தக் கால் தரைல பட்டே ஏழு வாரம் ஆச்சு டாக்டர்." அவர் நம்பவில்லை. கரடுமுரடான தரையில் நடந்த தேய்மானம் என்றார்.

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அக்கா,

நீல ஒட்டு இருக்கிறது. சுண்டெலியின் படகு. நான்காவது மூலைக்கு வருமுன் நூல் தீர்ந்துவிட்டது. பிறகு மறந்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பாய் அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். சுண்டெலியை ஒரு சாண் முன்னால் உட்காரச் சொன்னேன். அன்றைக்கே படகு பறந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனால் பிள்ளைகளுக்குப் பயமே இல்லை, அதுதான் என்னை இன்னும் படுத்துகிறது. தண்ணீருக்குள் போனதும் முதல் வேலையாக அந்தப் பக்கம் பார்க்கிறார்கள். ஒருவன் கையாட்டுகிறான். போன ஞாயிறு பக்கத்து கிளப்போடு பயிற்சிப் பந்தயம் வைத்தோம், ஆறு ஸ்டார்ட். ஆறிலும் நம் பிள்ளைகள்தான் முன்னால். அவர்களுடைய பயிற்சியாளர் வந்து, "என்ன சார் சொல்லிக்கொடுத்தீங்க, எங்களுக்கும் சொல்லுங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டார். தலைவர் என் தோளில் கைபோட்டுப் பேசினார். அவர் அப்படிப் பேசி இரண்டு வருடம் ஆகிறது அக்கா.

இதைக் கேட்கக் கூடாது என்று நான்கு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன். கேட்டுவிடுகிறேன். பந்தயம் சாயங்காலம் இல்லை, காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கு மட்டும் பதினோரு மணிக்குக் கொஞ்சம் தூங்க முடியுமா?

தம்பி

*

ஜூலை 16

தம்பிக்கு,

முடியாது.

நீ கேட்டதை நர்ஸம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "உங்க தம்பிக்குக் கொஞ்சம்கூட வெக்கமே இல்லையாம்மா?" என்றார்.

நான் அங்கே உதவி செய்துகொண்டு நிற்பதாக நினைக்கிறாய். அப்படி இல்லை என்று எழுதத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கல்மேல் நிற்கும்போது எனக்கு இருப்பது கோபம். சாதாரணக் கோபம் இல்லை. விழித்திருக்கும்போது எனக்கு அவ்வளவு கோபம் வருவதே இல்லை. யாருக்காகவோ காத்திருக்கிறேன், அந்த ஆள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் அடி தண்ணீர்ப் பக்கம் நகர்கிறேன். முதலில் பாதம் நனைந்தது. இப்போது முழங்காலுக்கு மேல்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நான் கோட்டுக்கு நேராக நிற்கவில்லை. நான் நிற்கும் இடத்துக்கு நேராகத்தான் நீ மிதவையைப் போடுகிறாய். காற்றைப் பார்த்துப் போடுவதாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். முந்தாநாள் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நான் இடது பக்கம் நகர்ந்தால் அந்த எட்டுப் பேரும் இடது பக்கம் வருவார்களே என்று. இடது பக்கம் தண்ணீருக்கடியில் பாறைத்திட்டு இருக்கிறது. அது நினைவிருந்தும் நகர்ந்தேன். நகர்ந்தபோது மனதுக்கு இதமாக இருந்தது.

விழித்ததும் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன்.

பிள்ளைகளுக்கு வேறு குறி காட்டு. தண்ணீர்த்தொட்டி, மரம், எதையாவது. அந்தப் பக்கம் பார்க்கவே விடாதே. அவர்களுக்குத் தெரிவது அங்கே நிற்பவளின் முதுகா, முகமா என்று கேட்டு எழுது. நான் நாலு மணிக்குத் தூங்காமல் இருக்கப் பார்க்கிறேன். நர்ஸம்மா கூட உட்காருகிறார்.

இவ்வளவு எழுதியபிறகு அதையும் கேட்டுவிடுகிறேன். இரண்டு வருடம் முன்னால், அன்றைக்கு நான் நடுவர் படகில் இருந்தேன். நீ பாதுகாப்புப் படகில் இருந்தாய். ஸ்டார்ட் கொடுத்தவள் நான், அதை நான் மறுத்ததே இல்லை. மலைமுனைக்குப் பின்னால் இருந்து காற்று இறங்கி இரண்டு படகு மோதி, பாயின் அடிக்கட்டை அடித்து அந்தப் பெண்ணின் இடது கண் போனது. பத்து வயது. அதன்பிறகு நடந்த கூட்டத்தில் நீ எழுந்து, "காத்து வருது, ஸ்டார்ட்ட நிறுத்துன்னு நான் ரேடியோல சொன்னேன், அக்கா கேக்கல," என்று சொன்னாய்.

என் ரேடியோவில் எதுவும் வரவில்லை. அது என் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது பேர் முன்னால் உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே சொல்வாய் என்று அன்று இரவு காத்திருந்தேன். அடுத்த நாளும் இருந்தேன். பிறகு பெட்டியைக் கட்டினேன்.

நீ சொன்னாயா, சொல்லவில்லையா?

அக்கா

*

ஜூலை 24

அக்கா,

பிள்ளைகளைக் கேட்டேன். முகம்தான் தெரிகிறதாம். "அவ்வளவு தூரத்துல மூஞ்சி எப்படிடா தெரியும்?" என்றால், "தெரியுது சார்," என்கிறார்கள். கோபமாக இருக்கிறதா என்று கேட்டேன். சுண்டெலி யோசித்து, "பேசப் போற மாதிரி இருக்கு," என்றாள்.

தண்ணீர்த்தொட்டியைக் காட்டினேன். தலையாட்டினார்கள். தண்ணீருக்குள் போனதும் எட்டுத் தலையும் பாறைக்கரைப் பக்கம்தான் திரும்புகிறது. செவ்வாய்க்கிழமை பஞ்சுவும் இன்னொரு பெண்ணும் மிதவையைத் தாண்டி நீ எழுதிய பாறைத்திட்டுப் பக்கம் போய்க்கொண்டே இருந்தார்கள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. பஞ்சுவின் படகு திட்டில் ஏறி, அடியில் இறங்கும் பலகை இரண்டாக முறிந்தது. அவனுக்கு அடி எதுவும் இல்லை. "எதுக்குடா அங்க போன?" என்று உலுக்கினேன். "அவங்க கூப்பிட்டாங்க சார்," என்றான்.

நீ அன்றைக்குத் தூங்கினாயா?

பந்தயத்திலிருந்து விலகலாமா என்று தலைவரிடம் பேச்செடுத்தேன். என்ன காரணம் சொல்வது? பேச்சை முடிக்கவே விடவில்லை. மற்ற மூன்று கிளப்பும் அறைகள் எடுத்தாகிவிட்டது, பெற்றோர்கள் வருகிறார்கள்.

நீ கடைசியில் கேட்டதற்கு இந்தக் கடிதத்தில் எழுத முடியவில்லை. பந்தயம் முடியட்டும்.

தம்பி

*

ஜூலை 28

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை தூங்கினேன். நர்ஸம்மா கன்னத்தில் தட்டியும் எழவில்லையாம். இடுப்புவரை தண்ணீர்.

பந்தயம் முடியட்டும் என்று எழுதியிருக்கிறாய். முடிவதற்குள் என்ன நடக்கும் என்று உனக்குப் பயமில்லையா? எனக்கு என்னையே பயமாக இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை முழுக்க விழித்திருப்பேன். வேறு எதுவும் என் கையில் இல்லை. உன் கையில் இருப்பது என்ன என்று உனக்குத் தெரியும்.

அக்கா

*

ஆகஸ்ட் 8

அன்புள்ள அக்கா,

எல்லாப் பிள்ளைகளும் பத்திரம். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு மொத்தம் முப்பத்தொரு படகு. காற்று தேவைக்கு மேலேயே இருந்தது, பாறைத்திட்டின்மேல் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நடுவர் படகில் வெளியூர் ஆட்கள். நான் மோட்டார் படகில் மிதவைக்கு அருகே. ஐந்து நிமிடம் அடித்தது, நான்கு அடித்தது. நம் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். ஒரு நிமிட ஹாரன் அடித்ததும் எட்டுப் படகும் ஒரே நேரத்தில் திரும்பின. கோட்டை விட்டு, மிதவையைத் தாண்டி, நேராகத் திட்டை நோக்கி. மற்ற இருபத்துமூன்று படகும் அந்தப் பக்கம் ஸ்டார்ட்டுக்கு நிற்கிறது. யாரோ சிரித்தார்கள். கோடு தெரியாத பிள்ளைகள் என்று நினைத்திருப்பார்கள்.

பின்னாலேயே விரட்டினேன். திட்டுக்குப் பக்கத்தில் மோட்டாரை வைத்துக்கொண்டு போக முடியாது, அடியில் அடித்துவிடும். நின்று கத்தினேன். ஒவ்வொரு பிள்ளையாக நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. யாரும் பயந்ததாகவும் தெரியவில்லை. முதலில் போன சுண்டெலிக்கும் அலை உடையும் இடத்துக்கும் நடுவே நான்கு படகு தூரம் இருந்திருக்கும்.

எனக்கு எதிரே கரையில் யாரும் இல்லை அக்கா. சுவர், கற்கள், வெயில். ஆனால் எட்டுப் பேர் பார்க்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று என்னால் அப்போது நினைக்க முடியவில்லை. ரேடியோவை எடுத்தேன். எல்லா மோட்டார் படகும், கரையில் இருக்கும் ரேடியோப் பெட்டியும் கேட்கும் அலைவரிசை அது. மாற்றக்கூடத் தோன்றவில்லை. சொன்னேன்.

"அக்கா, அன்னைக்கு நான் ரேடியோல ஒண்ணுமே சொல்லல. நிறுத்துன்னு சொல்லல. சொன்னேன்னு சொன்னது பொய். பிள்ளைங்கள விட்ரு."

பட்டனை அழுத்தியபடியே இருந்தேன். இரண்டு தடவை சொன்னேனா, மூன்று தடவையா தெரியவில்லை.

சுண்டெலியின் பாய் படபடவென்று அடித்தது. அவள் தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் சுற்றிப் பார்த்துவிட்டுப் படகைத் திருப்பினாள். பின்னால் ஏழு பேரும் திரும்பினார்கள். பக்கத்தில் வந்ததும், "போய்ட்டாங்க சார்," என்றாள். "எங்க?" என்றேன். "திரும்பி நடந்து போய்ட்டாங்க. சுவத்துக்கு அந்தாண்ட."

ஸ்டார்ட்டுக்கு நம் பிள்ளைகள் நான்கு நிமிடம் தாமதம். கடைசி எட்டு இடமும் நமக்குத்தான்.

கரைக்கு வந்தேன். தலைவர் என் கையிலிருந்து ரேடியோவை வாங்கிக்கொண்டார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கண் போன பெண்ணின் அப்பா பந்தயம் பார்க்க வந்திருந்தார். அவர் நின்றது கரையில் இருந்த அந்த ரேடியோப் பெட்டிக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார், போய்விட்டார்.

உனக்குக் கேட்டிருக்கும். நீ திரும்பிப் போனதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

தம்பி

*

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

எனக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை நான் தூங்கவே இல்லை. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை நர்ஸம்மாவும் நானும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்தோம். தூக்கம் வராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி. பதினோரு மணிக்கு அடிக்கிற மணியை இரண்டு பேரும் கேட்டோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் கண் எரிந்தது, கால் அரித்தது, நான் இந்த நாற்காலியிலேயே முழுசாக இருந்தேன். கேட்டால் அவர் சாட்சி சொல்வார்.

ஆகவே அங்கே நின்றது யார் என்று எனக்குத் தெரியாது. என்னிடமிருந்து போனதுதானோ, இனி என் தூக்கம்கூட அதற்குத் தேவையில்லையோ. முதலிலிருந்தே நான் அதற்கு ஒரு ஜன்னல் மட்டும்தானோ என்றும் தோன்றுகிறது. இப்போதெல்லாம் நாலு மணிக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால் எனக்கு நிம்மதியாகவும் இல்லை.

நீ செய்தது பெரிய காரியம். பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் ஒன்றைக் கவனி. நீ சொன்னதைக் கேட்டவர்கள் மோட்டார் படகுக்காரர்கள், நடுவர்கள், தலைவர், அந்தப் பெண்ணின் அப்பா, அப்புறம் பாறைமேல் நின்ற அது. எனக்கு நீ இன்னும் சொல்லவில்லை. கடிதத்தில்கூட, அதற்குச் சொன்னதைத்தான் எனக்கு எடுத்து எழுதியிருக்கிறாய்.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்கா,

உனக்கே சொல்கிறேன்.

அன்றைக்குக் காற்று இறங்கித் தண்ணீர் கறுத்து வருவதை உன் ஹாரனுக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். ரேடியோ என் கையில் இருந்தது. கட்டைவிரல் பட்டன்மேல் இருந்தது. அதற்கு முந்தின வாரம் நான் இடையில் பேசியதற்கு, பிள்ளைகள் முன்னால் நீ, "ஸ்டார்ட் நேரத்துல சும்மா நொய்நொய்ங்காத," என்று சொல்லியிருந்தாய். அது மனதில் இருந்தது. நீயே பார்க்கட்டும், நீயே மாட்டிக்கொள்ளட்டும் என்று அழுத்தாமல் இருந்தேன். யாருக்கும் அடிபடும் என்று நினைக்கவில்லை. ஸ்டார்ட்டைத் திரும்ப வைக்க வேண்டிவரும், உனக்கு ஒரு அசிங்கம் ஆகும், அவ்வளவுதான் நினைத்தேன்.

பிறகு அந்தப் பெண்ணின் அப்பா கூட்டத்தில், "யாருமே பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே வழி, சொன்னேன் என்று சொல்வதுதான். வாய் அதைச் சொல்லிவிட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வை இன்னும் என் முன்னால் நிற்கிறது.

மன்னித்துவிடு என்று எழுத மாட்டேன். கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன்.

முந்தாநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அப்பா கதவைத் திறந்து, வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, "சார், என்னைக் கடல்கிட்டக் கூட்டிட்டுப் போறீங்களா? இவங்க விடமாட்டேங்கிறாங்க," என்றாள். அப்பா பத்தடி பின்னால் தானும் வந்தார்.

படகுத்துறைச் சுவரில் நின்றோம். எதிரே பாறைக்கரை. நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. தானாகவே கையைத் தூக்கி, பார்வை இருக்கும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டாள். இடது கண்ணால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியாது என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இந்தக் கண்ணாலதான் தெரியுது," என்றாள்.

"என்ன தெரியுது?"

"ஒருத்தங்க. சுவத்துக்கிட்ட."

"எங்க அக்காவா பாரு. உனக்கு அவங்களத் தெரியுமே."

ரொம்ப நேரம் பார்த்தாள். "தூரமா இருக்கு சார். கிட்ட வந்தாத்தான் சொல்ல முடியும்." பிறகு கையை எடுத்துவிட்டு, "இந்தக் கண்ணால பாத்தா யாருமே இல்ல," என்றாள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

தம்பி

*

ஆகஸ்ட் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நொய்நொய்ங்காதே என்று சொன்னது எனக்கு நினைவே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். எனக்கு அப்படிப் பேசும் வழக்கம் உண்டு. நீ எழுதியதைப் படித்து எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. என் கோபமெல்லாம் எங்கே போய் நிற்கிறது என்று யோசிக்கும்போதுதான் உடம்பு சில்லிடுகிறது.

கட்டு திங்கட்கிழமை பிரிக்கிறார்கள். வியாழக்கிழமை ரயிலில் வருகிறேன். நர்ஸம்மாவும் கூட வருகிறார், தனியாக விடமாட்டாராம். உன்னைப் பார்த்தால் திட்டுவார், கேட்டுக்கொள்.

வந்ததும் வீட்டுக்குப் போக வேண்டாம். ஸ்டேஷனிலிருந்து நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குக் கூட்டிப்போ. அவளிடம் நான் பேச வேண்டியது இருக்கிறது, அதை உன் வழியாகச் சொல்ல முடியாது. பேசி முடித்ததும் அவள் முன்னால் நிற்பேன். அவள் ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மற்றதைப் பொத்தி, என்னை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும். தூரமாக இருக்கிறது என்றுதானே சொன்னாள், நான் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பேன். அங்கே பார்த்தவள் நான்தானா என்று அவள் சொல்லட்டும்.

இல்லை என்று சொன்னால், எல்லாருமாகச் சேர்ந்து அந்த எட்டுப் பிள்ளைகளை அந்தப் பக்கம் போகவிடாமல் என்ன செய்வதென்று பார்ப்போம். ஆமாம் என்று சொன்னால், நீ என் கையைப் பிடித்துக்கொள். அந்தப் பெண்ணைப் பார்க்காதே, என்னையே பார்த்துக்கொண்டிரு. என்னைக் கூப்பிடு, அதட்டிக் கூப்பிடு. நான் எங்கே போகிறேன் என்று எனக்குத் தெரியாமல் போகலாம்.

அக்கா